பாடத்துக்குக் கட்டணமில்லை, கடன் பட்டத்துக்குப் பிறகு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் வாசலிலும் பேக்கரி பெஞ்சிலும் ஒரே பேச்சுத்தான். பிள்ளை என்ன படிக்கப் போகிறது? பி.காம்., பி.எஸ்சி. கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் என்றால் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். 'பொலிட்டிக்கல் சயின்ஸ்' என்று சொல்லிவிட்டால் விசாரணை தொடங்கிவிடும். "அதப் படிச்சு என்ன கண்ணு பண்றது? கட்சியில சேரப் போறியா?"

கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. அதற்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. படித்து முடித்தால் என்ன வரும், முடிப்பதற்குள் எவ்வளவு கடனாகும்? கட்சி விஷயத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். திருப்பூரில் பிறந்து 2025 செப்டம்பரில் நாட்டின் குடியரசுத் துணைத் தலைவரான சி.பி.ராதாகிருஷ்ணன் படித்தது பி.பி.ஏ. அரசியலில் மேலே போக அரசியல் அறிவியல் பட்டம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

இந்த இரண்டு கணக்குக்கும் அமெரிக்காவில் விடை கணினித் திரையிலேயே கிடைக்கிறது. ஒபாமா அரசு தொடங்கிய 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில் கல்லூரியையும் பாடத்தையும் தேர்ந்தெடுத்தால், அங்கே அதைப் படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார்கள் என்று இரண்டும் அருகருகே வரும். அங்கே அரசியல் அறிவியல் பட்டதாரியின் தொடக்க வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 டாலர், நடுவயதில் 80,000 டாலர் அளவில். கடன் வாங்கிப் பட்டம் பெறுபவரின் சராசரிச் சுமை 30,000 டாலரை ஒட்டி நிற்கிறது. நாடு முழுவதும் மாணவர் கடன் 1.7 லட்சம் கோடி டாலர். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய பைடன் 2022ல் அறிவித்த திட்டத்தை 2023 ஜூன் 30ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கிலாந்தில் வேறு முறை. 2025-26ல் ஓர் ஆண்டுக் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்டு. இப்போது சேருபவர்கள் ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். 40 ஆண்டு கட்டியும் மிச்சமிருந்தால் அது கழிந்துபோகும்.

நம்மூரில் அப்படியொரு பட்டியல் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் தகவலில் 'வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம்' என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்பித் தருவது கல்லூரியேதான். பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. எல்லாம் ஒரே வரியில் கலந்து கிடக்கும். அரசியல் அறிவியல் படித்தவர் என்ன வாங்குகிறார் என்பது அதிலிருந்து தெரியாது. ஆக, கணக்கை நாமே போட்டாக வேண்டும். அதைப் போட்டுப் பார்க்கச் சோமனூர் தோதான ஊர்.

கிழக்கே திருப்பூர், மேற்கே கோவை. ரயிலில் எந்தப் பக்கம் ஏறினாலும் பிழைப்பு உண்டு. கோவைக்கு ஏறினால், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அரசுக் கலைக் கல்லூரி. 1852ல் பள்ளியாகத் தொடங்கியது, பி.ஏ. அரசியல் அறிவியல் அங்கே உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக்குப் போதனைக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். பட்டப்படிப்புவரை மாணவிகளுக்கு ரயில்வே இலவச சீசன் டிக்கெட் தருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 9ல் தொடங்கிவைத்ததே இந்தக் கோவை அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில்தான்.

அப்படியானால் இங்கே பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு வங்கிக் கடன் எதற்கு? தேவையில்லை. பெரும்பாலோர் வாங்குவதும் இல்லை. படிக்கிற பிள்ளைக்கு அரசே மாதம் ஆயிரம் கொடுக்கிறது என்னும்போது, அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதும் 'மாணவர் கடன் நெருக்கடி' சோமனூர் வீட்டுக்குப் பொருந்தாத கதைபோலத் தோன்றும்.

ஆனால் கிழக்கே போகும் ரயிலும் இருக்கிறதே. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் 18 வயதுப் பிள்ளைக்கு வேலை தேட வேண்டிய அவசியமில்லை. கைமடியில் சேர்ந்து, செக்கிங் பார்த்து, ஆறே மாதத்தில் ஓவர்லாக்கோ பேட்லாக்கோ பழகிக்கொண்டால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில் காசு. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். 2021ல் போட்ட நான்காண்டு ஒப்பந்தத்தில் பனியன் தொழிலாளருக்கு 32 சதவீதம் கூலி உயர்வு பேசி முடித்தார்கள்; முதலாண்டு 19, பிறகு 5, 4, 4. வேலைக்குப் போன பையனின் சம்பளம் ஏறிக்கொண்டிருக்க, கல்லூரிக்குப் போன பையன் அப்பாவிடம் பஸ் செலவுக்குக் கை நீட்டுகிறான்.

மாதம் 12,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 36 மாதத்தில் 4,32,000 ரூபாய். கட்டணமே இல்லாத பட்டத்தின் உண்மையான விலை இதுதான். புதுமைப்பெண்ணோ தமிழ்ப் புதல்வனோ கொடுக்கும் ஆயிரத்தைக் கழித்தாலும் நான்கு லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். எந்த வங்கிப் பேரேட்டிலும் ஏறாத கடன் இது. கூலித்தறி ஓட்டும் அப்பாவும் நூல் சுற்றும் அம்மாவும் கூடுதலாக ஓட்டிய ஷிப்டுகளில் அது கட்டப்படுகிறது.

பட்டம் கைக்கு வந்த பிறகு என்ன? மத்திய அரசின் உழைப்புப் படை ஆய்வு 2022-23ல் சொன்ன கணக்கைப் பார்க்கலாம். நாட்டில் ஒட்டுமொத்த வேலையின்மை 3.2 சதவீதம். பட்டதாரிகளிடையே மட்டும் 13.4 சதவீதம். நான்கு மடங்குக்கு மேல். படிக்காதவர்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. படித்தவர் கிடைத்த வேலைக்குப் போகாமல், படிப்புக்கேற்றது வரட்டும் என்று காத்திருக்கிறார். காத்திருக்க வீட்டில் கொஞ்சமாவது வசதி வேண்டும் என்பது வேறு விஷயம். வெறும் பி.ஏ.வோடு தனியாரிடம் போனால் கால் சென்டர், வங்கிகளின் விற்பனைப் பிரிவு, ஜவுளி நிறுவன அலுவலகம் என்று 12,000, 15,000 ரூபாயில் தொடங்கும். அதாவது மூன்றாண்டு முன்பு பனியன் கம்பெனிக்குப் போன கூட்டாளி இன்று வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கலாம்.

இதனால்தான் அரசியல் அறிவியல் படித்தவர்களில் பெரும்பாலோர் பார்வை அரசுத் தேர்வுகள் மேல் விழுகிறது. பாடத்திட்டமும் ஒத்துவருகிறது. அரசியலமைப்பு, நாடாளுமன்றம், உள்ளாட்சி, கூட்டாட்சி எல்லாம் மூன்றாண்டு வகுப்பில் கேட்டவை. தமிழ்வழியில் பள்ளி முதல் பட்டம் வரை படித்திருந்தால் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஒதுக்கீட்டைக் கல்லூரியில் சேரும்போதே யோசிப்பவர்கள் குறைவு. ஆங்கிலவழி கிடைத்தால் போதும் என்று மாறிச் சேர்ந்துவிட்டு, விண்ணப்பம் நிரப்பும்போது கையைப் பிசைபவர்கள் அதிகம்.

டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2024ல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல், எழுதியவர்கள் சுமார் 16 லட்சம். ஓர் இடத்துக்கு 250 பேர். பிறகு இடங்களைக் கூட்டியும் நூற்றுக்குக் கீழே போட்டி இறங்கவில்லை. வென்றவருக்கு இளநிலை உதவியாளர் பணி. அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜனவரிக்கான 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,225 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சோமனூர்க் கணக்கில் இது நல்ல சம்பளம், அதுவும் ஆர்டர் நின்றாலும் நூல் விலை ஏறினாலும் நிற்காத சம்பளம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குரூப் 4க்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத்தான். பி.ஏ. முடித்து அந்த வேலைக்குப் போனவரின் 30,000 ரூபாயை 'அரசியல் அறிவியல் பட்டதாரியின் சம்பளம்' என்று கணக்கில் சேர்ப்பதா, கூடாதா? சேர்க்கக்கூடாது என்பதே சரி. அந்தச் சம்பளத்தைப் பெற்றுத் தந்தது பட்டமல்ல, தேர்வு. குரூப் 1ல் தேறித் துணை ஆட்சியரானால் அடிப்படைச் சம்பளம் 56,100. அங்கே பட்டம் கட்டாயம். ஆனால் எந்தப் பட்டமும் போதும். வேளாண்மை படித்தவரும் இன்ஜினியரும் லட்சுமிகாந்தின் 'இந்தியன் பாலிட்டி' புத்தகத்தை ஆறு மாதம் புரட்டிவிட்டு அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். மூன்றாண்டு வகுப்பில் உட்கார்ந்தவருக்கு அதனால் கிடைக்கும் முன்னிலை சிறியது.

ஐ.ஏ.எஸ். தேர்விலும் அதே கதைதான். விருப்பப் பாடமாக 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' எடுப்பவர்கள் ஏராளம். மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் அதற்கு 500. 2022 தேர்வில் முதலிடம் பெற்ற இஷிதா கிஷோரும் 2024ல் முதலிடம் பெற்ற சக்தி துபேயும் இந்தப் பாடத்தைத்தான் எடுத்தார்கள். முதலாமவர் கல்லூரியில் படித்தது பொருளாதாரம், இரண்டாமவர் உயிர்வேதியியல். 2015ல் முதலிடம் பெற்ற டினா டாபிதான் கல்லூரியிலும் அரசியல் அறிவியல் படித்தவர். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் இளநிலைப் பட்டம் வேதியியலில். அரசியல் அறிவியல் எம்.ஏ.வும் சர்வதேச உறவுகளில் ஆய்வுப் பட்டமும் பிறகு ஜே.என்.யு.வில் வாங்கியவை. பாடத்துக்கு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு பி.ஏ. என்ற முதல் படியில் அல்ல, அதற்கடுத்த படியில் வருகிறது.

சரி, வாத்தியார் வேலைக்குப் போகலாமே என்று சோமனூர் அம்மாக்கள் கேட்பார்கள். பெண் பிள்ளைக்குக் கொங்குப் பகுதியில் இன்றும் முதலில் தோன்றும் யோசனை அது. இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பல பேருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. வரலாறோ புவியியலோ தமிழோ படித்தவர் பி.ஏ. முடித்ததும் பி.எட். சேரலாம். தமிழ்நாட்டில் அரசியல் அறிவியல் படித்தவர் எம்.ஏ. முடித்த பிறகுதான் சேர முடியும். பொருளாதாரம், வணிகவியல், சமூகவியலுக்கும் இதே விதி. ஆக மூன்றல்ல, ஏழு ஆண்டு: பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு. அதன்பின் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் அரசியல் அறிவியல் குரூப் வைத்திருக்கும் பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு, காலியிடமும் அதற்கேற்பத்தான். பக்கத்து வகுப்பறையில் வரலாறு படிக்கும் தோழிக்கு இரண்டாண்டு மிச்சம்.

கல்லூரி விரிவுரையாளர் ஆகலாம் என்றால் எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் தேற வேண்டும், இப்போது முனைவர் பட்டமும் இல்லாமல் நடப்பது கடினம். நிரந்தர இடம் நிரம்பும்வரை அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினொரு மாதம். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே சொல்லிவிட்டது. பத்தாண்டு படித்து அந்தத் தொகையில் பாதிக்கு வேலை பார்ப்பவர் தமிழ்நாட்டில் ஒருவர் இருவரல்ல. ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் பவர் டேபிள் டெய்லரோடு ஒப்பிட்டால் இந்தச் சம்பளம் என்ன சொல்கிறது என்பதைக் கல்வித்துறைதான் யோசிக்க வேண்டும்.

பெயருக்கேற்ற வேலைகளும் இல்லாமல் இல்லை. 2021 தேர்தலில் தி.மு.க.வுக்குப் பணியாற்றிய ஐபேக் போன்ற தேர்தல் ஆலோசனை நிறுவனங்கள் களப்பணிக்கு இளைஞர்களை எடுக்கின்றன. தேர்தல் முடிந்தால் வேலையும் முடியலாம். டெல்லியில் பி.ஆர்.எஸ். நிறுவனம் எம்.பி.க்களிடம் உதவியாளராக இருக்க ஆண்டுதோறும் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இன்னும் நல்லது: இரண்டாண்டு, மாதம் 65,000 ரூபாய், அரசுத் திட்டங்களோடு நேரடி வேலை. ஆட்சி எப்படி நடக்கிறது என்று படித்தவருக்கே அளந்து தைத்ததுபோல இருக்கிறது. தகுதியைப் படித்தால்தான் விஷயம் தெரியும். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பு என்றால் இளநிலைப் பட்டம் போதும். கலை, அறிவியல் என்றால் முதுநிலை வேண்டும். அரசு நிர்வாகத்தைப் பாடமாகவே படித்த பி.ஏ. உள்ளே போக முடியாது. சிவில் இன்ஜினியர் போகலாம்.

இப்போது கடனுக்கு வருவோம். முதல் பட்டம் கடனில்லாமல் முடிந்தது. கடன் நுழைவது இரண்டாவது படியில்.

முதல் வாசல் கோச்சிங். டெல்லி ராஜிந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சிக்குக் கட்டணம் மட்டும் ஒன்றரை, இரண்டு லட்சம் போகும். அறை வாடகை, மெஸ் எல்லாம் தனி. சென்னை அண்ணா நகரில் சற்றுக் குறையும். இதற்கு வங்கிக் கல்விக் கடன் கிடைப்பது அரிது. அந்தத் திட்டமே பட்டம், பட்டயம் தரும் படிப்புகளுக்கானது. எனவே அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. ஆண்டு முடிவில் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். முதலைத் தொட முடிவதில்லை. இரண்டாண்டு கோச்சிங் என்றால், முன்னே போட்ட கணக்கில் விட்டுப்போன கூலி இன்னுமொரு 2,88,000 ரூபாய் ஏறுகிறது. மொத்தம் ஏழு லட்சத்தைத் தாண்டியாயிற்று, இன்னும் ஒரு ரூபாய்கூட வங்கியில் வாங்கவில்லை.

இத்தனைக்கும் செலவில்லாத வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு இலவசம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அண்ணா நூற்றாண்டு குடிமைப்பணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் கொடுக்கிறார்கள். முதல்நிலை தேறினால் 25,000 ரூபாய். ஆனாலும் விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகங்களை நம்பி நகையை வைப்பதுதான் நடக்கிறது.

இரண்டாவது வாசல்தான் வங்கி. தனியார் கல்லூரியில் சட்டம், வெளியூரில் எம்.ஏ., அல்லது அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகம். அங்கே விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 10 லட்சம் தாண்டும். ஜே.என்.யு.வில் அதே பாடத்துக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்! ஒரே நாட்டில், ஒரே பாடத்துக்கு, ஒரே தலைநகரைச் சுற்றி இப்படியொரு இடைவெளி.

கடன் எப்படி வளர்கிறது என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம், வட்டி பத்தரை சதவீதம். நான்கு லட்சம் வரை ஈடோ ஜாமீனோ கேட்கக்கூடாது என்பது வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் விதி. படிக்கும் காலமும் முடித்து ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். இந்த 'கட்ட வேண்டாம்' என்பதைப் பலர் 'வட்டி இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் லட்சத்துக்கு நான்காண்டு, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு என்று தனிவட்டி ஓடி 94,500 ரூபாய் சேர்ந்திருக்கும். தவணை தொடங்கும் நாளில் கடன் 3,94,500. ஏழாண்டில் கட்டுவதானால் மாதம் சுமார் 6,650. பதினைந்தாண்டுக்கு நீட்டினால் மாதம் 4,360 ஆகக் குறையும். மொத்தம் கட்டுவது ஏழேமுக்கால் லட்சத்தைத் தாண்டும். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 6,650 தவணை என்றால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வட்டியைக் குறைக்க அரசு உதவி உண்டு. யாருக்கு என்பதில்தான் சிக்கல். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தவணை தொடங்கும்வரை முழு வட்டியையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் நடக்கிறது. ஆனால் அது தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. எம்.ஏ. அரசியல் அறிவியலுக்கு இல்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி இந்தப் பாகுபாட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு, பத்து லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டி மானியம். அதிலும் நிபந்தனை, தரவரிசைப்படி அரசு வெளியிடும் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். எனவே சேரும் முன் பாடத்தின் பெயரைவிடக் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

தறிக்காரர் வீட்டில் இன்னொரு தடங்கல். தறி வாங்கவோ குடோன் கட்டவோ வாங்கிய கடனில் எப்போதோ தவணை தவறியிருக்கும். அப்பாவின் சிபில் மதிப்பெண் விழுந்து கிடக்கும். பிள்ளையின் விண்ணப்பத்தை வங்கி அதைக் காட்டித் திருப்பிவிடும். கேரள உயர் நீதிமன்றம் 2023ல் ஒரு வழக்கில், குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்றது. கிளை மேலாளரிடம் இதை எடுத்துச் சொல்லும் துணிவு எத்தனை பெற்றோருக்கு இருக்கும் என்பது வேறு.

கட்டாமல் விட்டால்? தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரோடியது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குள் கட்ட முடியாத, 30 வயதுக்குட்பட்டவர்களின் கல்விக் கடன் ரத்து செய்யப்படும் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது. நம்பிப் பலர் தவணையை நிறுத்தினார்கள், வட்டி நிற்கவில்லை. அதற்கு முன்பே ஸ்டேட் வங்கி தமிழ்நாட்டிலிருந்த வாராக் கல்விக் கடன்களை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றதும், 2016ல் மதுரையில் ஓர் இளம் பொறியியல் பட்டதாரி உயிரிழந்த பிறகு வசூல் முறை பற்றிப் பெரும் கொந்தளிப்பு எழுந்ததும் நடந்தவை. இப்போது வேறொரு விளைவும் சேர்ந்திருக்கிறது. வங்கித் தேர்வு எழுதுவோரின் கடன் வரலாறு பார்க்கப்படுகிறது. தவணைப் பாக்கியைக் காட்டி ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. வேலை இல்லாததால் கடன் கட்டவில்லை, கடன் கட்டாததால் வேலை இல்லை.

அப்படியானால் சோமனூர்ப் பிள்ளை இந்தப் பாடம் பக்கமே போகக்கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. ஊரைச் சுற்றி நடப்பதெல்லாம் அந்தப் பாடம்தான். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு ஒப்பந்தமானது. ஜவுளி உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச் 19ல் மறுபடி நின்று ஒரு மாதம் ஓடவில்லை. இம்முறை கூலியோடு சேர்த்து, ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கேட்டார்கள். அரசு முன்னிலையில் போட்ட கையெழுத்து ஏன் செல்லாமல் போகிறது என்பதைவிட நல்ல அரசியல் அறிவியல் கேள்வி எந்த வினாத்தாளில் வரும்? அதே ஆண்டு ஆகஸ்டில் டிரம்ப் 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரில் கப்பலேற இருந்த பெட்டிகள் நின்றதும் சர்வதேச உறவுகள்தான்.

இந்த அறிவுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று திருப்பூரிலேயே இருக்கிறது; அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஏற்றுமதி நிறுவனங்களின் கம்ப்ளையன்ஸ் பிரிவு. 2011ல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை எடுத்த சுமங்கலித் திட்டத்தில் வேலை பார்த்தவர்களின் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டது முதல் ஐரோப்பியக் கடைகளின் கெடுபிடி கூடியது. எஸ்.ஏ. 8000, செடெக்ஸ், கோட்ஸ் என்று சான்றுகளும் தணிக்கைகளும் வரிசையாகக் கேட்கப்பட்டன. ஆடிட்டர் வரும் நாளில் வயதுச் சான்று, ஓவர்டைம் பதிவேடு, சம்பளச் சீட்டு, பாலியல் புகார்க் குழுவின் கூட்டக் குறிப்பு எல்லாம் மேசையில் இருக்க வேண்டும். அரசியலமைப்பின் 23, 24ஆம் பிரிவுகள், கட்டாய உழைப்புத் தடையும் குழந்தைத் தொழிலாளர் தடையும், இங்கே மனப்பாடப் பகுதியல்ல; அன்றாட வேலை. எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. படித்தவர்கள் இந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தொழிலாளர் சட்டமும் எக்செல்லும் ஓரளவு ஆங்கிலமும் சேர்த்துக்கொண்டால் அரசியல் அறிவியல் பட்டதாரி அவர்களுக்குக் குறைந்தவரல்ல.

சட்டம் படிப்பதும் கணக்குக்குக் கட்டுப்படும் வழிதான். கோவை அரசுச் சட்டக் கல்லூரியில் பி.ஏ.வுக்குப் பிறகு மூன்றாண்டு. இடம் கிடைத்தால் கட்டணம் பயமுறுத்தாது. ஜூனியர் வக்கீலுக்குச் சீனியர் காசு கொடுக்காத பழைய வழக்கத்துக்கு எதிராக, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டு, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பியது. ஒழுங்காகக் கொடுக்கும் அலுவலகத்தைக் கண்டுபிடிப்பது ஜூனியரின் சாமர்த்தியம்.

மூன்றாண்டு ஒதுக்க முடியாதவர்களுக்குச் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அரசு நடத்துவது. தொழிலாளர் மேலாண்மையில் எம்.ஏ., தொழிலாளர் நிர்வாகத்தில் மாலை நேரப் பட்டயம், தொழிலாளர் சட்டத்தில் வார இறுதிப் பட்டயம் மூன்றும் அங்கே உண்டு. பிளஸ் டூ முடிவோடு கலைக் கல்லூரிகளுக்கு அலைவதுபோல, பி.ஏ. கடைசி செமஸ்டரிலேயே இதற்கான அறிவிப்பையும் கவனித்து விண்ணப்பித்துவிடுவது நல்லது.